துணிக்கடை கேமில் மூன்று ஸ்டார் வாங்குவது எப்படி? - கல்லா நிரம்ப 10 டிப்ஸ்!

ஒரு பெண்ணுக்கு சிவப்பு கவுனும் அதற்கு மேட்ச்சான தொப்பியும் வேண்டும். பின்னால் நிற்பவருக்கு ஜீன்ஸின் நீளத்தைக் குறைத்துத் தர வேண்டும். ட்ரையல் ரூமுக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. கேஷ் கவுன்ட்டரில் மூன்று பேர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லோர் தலைக்கு மேலும் இருக்கும் குட்டி இதயங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. டைமர் ஓடுகிறது. கடையில் வேலை பார்ப்பது நீங்கள் ஒரே ஒரு ஆள்!

மெட்ரோ பயணத்திலோ, ஆபீஸ் லஞ்ச் பிரேக்கிலோ துணிக்கடை கேம் விளையாடியவர்களுக்கு இந்தப் பதற்றம் நன்றாகவே தெரியும். முதல் பத்து லெவல் வரை 'இவ்வளவுதானா' என்று தோன்றும். அதன் பிறகு எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் மூன்றாவது ஸ்டார் மட்டும் ஜஸ்ட் மிஸ் ஆகும். காரணம், இது விரல் வேகத்தைச் சோதிக்கும் கேமே இல்லை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் இங்கே பரீட்சை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, கூடவே பர்ஸை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? பார்ப்போம்.

டைம் மேனேஜ்மென்ட் கேம் என்றால் என்ன?

கடை, ஹோட்டல், ஆஸ்பத்திரி, விமான நிலையம் என ஏதோ ஓர் இடம். வரிசையாக வரும் வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை, கூடவே ஒரு பொறுமை அளவு. குறிப்பிட்ட நேரத்துக்குள் எல்லோரையும் கவனித்து, இலக்குத் தொகையைச் சம்பாதிக்க வேண்டும். இதுதான் டைம் மேனேஜ்மென்ட் கேம்களின் அடிப்படை வடிவம்.

இந்த வகையைப் பரவலாக்கியது 2000-களின் தொடக்கத்தில் வந்த 'டைனர் டேஷ்'. நியூயார்க்கைச் சேர்ந்த கேம்லேப் உருவாக்க, சான் பிரான்சிஸ்கோவின் பிளேஃபர்ஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. ஆபீஸ் வேலை வெறுத்துப்போய் ராஜினாமா செய்துவிட்டு, சொந்தமாக உணவகம் நடத்தும் ஃப்ளோ என்ற பெண்தான் அதன் நாயகி. கம்ப்யூட்டரில் இறக்கி ஒரு மணி நேரம் இலவசமாக விளையாடலாம், பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்கலாம் என்பது அந்தக் காலத்து வியாபார முறை.

டைனர் டேஷ் ஹிட் ஆனதும் உணவகம் இருந்த இடத்தில் எல்லாக் கடைகளும் வந்தன. 'ஃபேஷன் டேஷ்', 'டிரஸ் ஷாப் ஹாப்' என்று அதே பிளேஃபர்ஸ்ட் துணிக்கடைக்கும் வந்தது. ஸ்மார்ட்போன் தலைமுறைக்கு அதிகம் அறிமுகமானது கேம்ஹவுஸ் நிறுவனத்தின் 'ஃபேபுலஸ்: ஏஞ்சலாஸ் ஃபேஷன் ஃபீவர்'. 'டெலிஷியஸ்' வரிசை கேம்களின் நாயகி எமிலியின் தங்கைதான் ஏஞ்சலா. ஃபேஷன் டிசைனர் ஆகும் கனவோடு பெருநகரத்துக்குக் கிளம்பும் அவரது கதைதான் அந்த கேம். கதையும் கடையும் மாறலாம். உள்ளே ஓடும் இன்ஜின் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் கீழே உள்ள டிப்ஸ், இந்த வகையில் எந்த கேமுக்கும் பொருந்தும்.

1. முதல் ஐந்து நொடி தட்டாதீர்கள்

லெவல் தொடங்கியதும் கை பரபரக்கும். கொஞ்சம் அடக்குங்கள். ரேக் எங்கே இருக்கிறது, தையல் மெஷின் எங்கே, ட்ரையல் ரூம் எங்கே, கல்லா எங்கே என்று ஒரு ரவுண்டு பாருங்கள். புது லெவலில் புதிதாக ஒரு பொருளோ மெஷினோ வந்திருக்கும். அது கல்லாவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் அந்த லெவலின் சிக்கலே. முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் இதைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. மெதுவான வேலையை முதலில் தொடங்குங்கள்

இந்த கேமின் தங்க விதி இதுதான். ஒரு வாடிக்கையாளருக்கு ஆல்டரேஷன் செய்த பேன்ட்டும், ரேக்கில் தொங்கும் ஒரு பெல்ட்டும் வேண்டும் என்று வையுங்கள். ஆல்டரேஷனுக்கு 12 நொடி, பெல்ட் எடுக்க 3 நொடி. முதலில் பெல்ட்டை எடுத்துவிட்டு மெஷினைத் தட்டினால் மொத்தம் 15 நொடி. மெஷினைத் தட்டிவிட்டு, அது ஓடும்போதே பெல்ட்டை எடுத்தால் 12 நொடிதான். ஒரே ஆர்டரில் 3 நொடி மிச்சம். ஒரு லெவலில் இருபது பேர் இப்படி வந்தால், ஒரு நிமிடமே கையில் மிஞ்சும்.

சுருக்கமாகச் சொன்னால், தானாக ஓடும் மெஷின் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கக் கூடாது.

3. கை நிறைய எடுத்துச் செல்லுங்கள்

பெரும்பாலான கேம்களில் நாயகியால் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று பொருள்களைச் சுமக்க முடியும். ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு ஓடி, திரும்பி வந்து இன்னொன்றை எடுப்பது புதியவர்கள் அனைவரும் செய்யும் தவறு. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரின் ஆர்டரையும் பார்த்து, ஒரே நடையில் முடியுங்கள். தவறான பொருளை எடுத்துவிட்டால் பல கேம்களில் குப்பைத்தொட்டியையோ அந்தப் பொருளையோ தட்டி இறக்கி வைக்கலாம். கையில் தேவையில்லாத பொருள் இருப்பது, ஒரு கையை இழப்பதற்குச் சமம்.

4. அடுத்தடுத்த தட்டல்களை வரிசையில் போடுங்கள்

நாயகி ஓர் இடத்துக்கு நடந்துபோகும்போதே அடுத்த மூன்று இடங்களையும் நீங்கள் தட்டி வைக்கலாம். டிக் அடையாளமோ எண்ணோ தோன்றும். அந்த வரிசையில் அவர் செய்து முடிப்பார். இந்த நேரத்தில் உங்கள் கண் அடுத்த ஆர்டரைப் படிக்க வேண்டும். விரல் ஓர் இடத்தில், கண் அதற்கு அடுத்த இடத்தில். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் கேம் திடீரென மெதுவாக ஓடுவது போல் தோன்றும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஐந்து, ஆறு தட்டல்களை முன்கூட்டியே போட்டுவிட்டால், நடுவில் யாராவது கோபித்துக் கிளம்பும்போது திட்டத்தை மாற்றக் கஷ்டமாகிவிடும். மூன்று, நான்கு போதும்.

5. பில் போடுவதை மொத்தமாகச் செய்யுங்கள்

ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தால் போனஸ் தருவது டைனர் டேஷ் காலத்திலிருந்து வரும் வழக்கம். கல்லாவில் மூன்று பேர் சேர்ந்த பிறகு மூவருக்கும் ஒரே மூச்சில் பில் போட்டால், காம்போ புள்ளிகள் கிடைக்கும். நேரமும் மிச்சம். கல்லாவுக்குப் போய்வர 2 நொடி, ஒரு பில்லுக்கு 1 நொடி என்று வைத்தால், தனித்தனியாக மூன்று முறை போக 9 நொடி ஆகும். சேர்த்துச் செய்தால் 5 நொடி.

அப்படியானால் ஐந்து பேர் சேரும்வரை காத்திருக்கலாமா? அங்கேதான் ரிஸ்க். முதலில் வந்து நிற்பவரின் இதயங்களைப் பாருங்கள். அவருக்கு இரண்டு இதயம்தான் மிச்சம் என்றால், காம்போ ஆசையை விட்டுவிட்டு உடனே பில் போடுங்கள். கோபித்துப் போகும் ஒருவரால் வரும் நஷ்டம், பெரும்பாலும் காம்போவில் கிடைக்கும் லாபத்தைவிட அதிகம்.

6. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது இங்கே செல்லாது

நிஜக் கடையில் வரிசையை மீறினால் சண்டையே வரும். கேமில் அப்படியில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வரும் ஆபீஸ் ஆள்களின் பொறுமை சீக்கிரம் கரையும். வயதானவர்கள் நிதானமாகக் காத்திருப்பார்கள். பிரபலங்கள் மாதிரி வருபவர்கள் டிப்ஸ் அள்ளிக் கொடுப்பார்கள். எந்த முகத்துக்கு எவ்வளவு பொறுமை என்பதை ஓரிரு லெவல்களில் பழகிக்கொண்டு, அவசரக்காரரை முதலில் அனுப்புங்கள்.

இன்னொரு கடினமான முடிவும் உண்டு. ஒரே ஓர் இதயம் மிச்சமிருக்கும் ஒருவருக்கு நீளமான ஆர்டர் பாக்கி இருந்தால், அவரைக் காப்பாற்ற முடியாது. அவருக்காக ஓடினால், அவரும் போவார். காத்திருக்கும் மற்ற இருவரும் போவார்கள். விட்டுவிடுங்கள்.

7. கூட்டம் இல்லாத நேரம்தான் உண்மையான வேலை நேரம்

ஒவ்வொரு லெவலிலும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி வரும். அதில் ரிலாக்ஸ் செய்பவர்கள் இரண்டு ஸ்டாரோடு நிற்கிறார்கள். குலைந்த துணிகளை மடித்து வைப்பது, காலி ரேக்கை நிரப்புவது, அடிக்கடி கேட்கப்படும் துணியை அயர்ன் செய்து தயாராக வைப்பது, எல்லாம் இப்போதுதான் நடக்க வேண்டும். முடிந்தால் கையில் ஒரு பொருளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த லெவலில் அதிகம் கேட்கப்படும் பொருள் எது என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

8. காசைக் கொட்டுவதற்கு முன் முட்டுக்கட்டையைக் கண்டுபிடியுங்கள்

சம்பாதித்த காசில் கடையை மேம்படுத்தலாம். புது ஷூ வாங்கினால் நாயகி வேகமாக நடப்பார். புது மெஷின் வாங்கினால் தையல் சீக்கிரம் முடியும். சோபா போட்டால் பொறுமை கூடும். எதை வாங்குவது?

மேலாண்மை படித்தவர்களுக்கு எலியாஹு கோல்ட்ராட் தெரிந்திருக்கும். ஒரு தொழிற்சாலையின் மொத்த உற்பத்தியைத் தீர்மானிப்பது அதன் மிக மெதுவான கட்டம்தான் என்பதை, 1984-ல் வெளியான 'தி கோல்' நாவலில் கதையாகவே சொன்னவர் அவர். கேமிலும் அதே கதைதான். 8 நொடிக்கு ஒருவர் ஆல்டரேஷன் கேட்டு வருகிறார், மெஷினோ ஒரு துணிக்கு 10 நொடி எடுக்கிறது என்றால், நீங்கள் காற்றாகப் பறந்தாலும் வரிசை நீண்டுகொண்டேதான் போகும். அந்த நேரத்தில் ஷூ வாங்குவது வீண். மெஷினை மாற்ற வேண்டும். மெஷின்கள் எல்லாம் முடிந்துபோய் உங்களுக்காகக் காத்துக் கிடக்கின்றனவா? அப்போது ஷூ வாங்குங்கள்.

சுவர் பெயின்ட், தரை விரிப்பு போன்ற அலங்காரங்களை, அவை பொறுமையையோ டிப்ஸையோ கூட்டினால் மட்டும் வாங்கலாம்.

9. கடையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்

இதற்கு ஒரு குட்டிக் கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்ததால் 'லிட்டில்ஸ் லா' என்று பெயர். ஓர் இடத்தில் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, அவர்கள் வரும் வேகத்தையும் ஒருவர் அங்கே செலவிடும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான்.

12 நொடிக்கு ஒருவர் வருகிறார், ஒவ்வொருவரும் கடையில் 60 நொடி இருக்கிறார் என்றால், எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக 5 பேர் உள்ளே இருப்பார்கள். கடையில் நான்கு பேருக்குத்தான் இடம் என்றால் ஒருவர் வாசலிலேயே கோபப்படுவார். அந்த 60 நொடியை 45 ஆகக் குறைத்தால், எண்ணிக்கை 3.75 ஆகிவிடும். வாசல் காலி! வருபவர்களை உங்களால் கட்டுப்படுத்த முடியாது. உள்ளே இருக்கும் நேரத்தைக் குறைப்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. வாசலில் கூட்டம் சேர்ந்தால், புதியவருக்கு ஓடாதீர்கள். கிளம்பத் தயாராக இருப்பவருக்கு முதலில் பில் போடுங்கள்.

10. முதல் முறையே மூன்று ஸ்டார் வேண்டாம்

புது லெவலை ஒரு ஸ்டாரோடு முடித்துவிட்டு முன்னேறுங்கள். அடுத்தடுத்த லெவல்களில் கிடைக்கும் காசில் மெஷின்களை மாற்றிவிட்டுத் திரும்பி வந்தால், அன்று தண்ணி காட்டிய லெவல் இன்று சுலபமாக முடியும். 'யாரும் கோபித்துப் போகக் கூடாது', 'ஐந்து காம்போ செய்ய வேண்டும்' போன்ற கூடுதல் சவால்களையும் அப்போது வைத்துக்கொள்ளலாம். விளையாடும்போது நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்யுங்கள். சவுண்டை ஆன் செய்யுங்கள். மெஷின் முடிந்ததும் வரும் 'டிங்' சத்தம், கண்ணுக்குத் தப்பியதைக் காதுக்குச் சொல்லிவிடும்.

ஏன் கீழே வைக்கவே முடிவதில்லை?

ஆபீஸில் நாள் முழுக்க வேலை. மாலையில் ஓய்வு என்று சொல்லிக்கொண்டு இன்னொரு வேலை. இது என்ன லாஜிக் என்று தோன்றலாம். வித்தியாசம் ஒன்றுதான். நிஜ வேலையில் முடிவு எப்போது வரும், யார் பாராட்டுவார்கள் என்பது தெரியாது. கேமில் மூன்று நிமிடத்தில் வேலை முடியும். உழைப்புக்கேற்ற ஸ்டார் உடனே கண்முன் மின்னும்.

காத்திருப்பவர்களின் மனநிலையையும் இந்த கேம்கள் சரியாகப் பிடித்திருக்கின்றன. வரிசையில் நிற்பவர்களின் உளவியல் பற்றி டேவிட் மெய்ஸ்டர் 1985-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் மிகப் பிரபலம். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், ஏதாவது செய்துகொண்டிருந்தால் சுருங்கும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளும் என்பவை அவர் சொன்னவற்றில் சில. கேமில் சோபாவும் டிவியும் வாங்கிப் போட்டதும் இதயங்கள் மெதுவாகக் குறைவது இதனால்தான். நிஜ ஜவுளிக்கடையில் உட்கார வைத்து, குடிக்க ஏதாவது கொடுப்பதும் இதே கணக்குதான்.

பர்ஸ் பத்திரம்!

வேகமாக ஓடும் டைமர் நம்மை யோசிக்க விடாது. அந்த நேரத்தில் 'ஐந்து உயிர்கள் வெறும் 89 ரூபாய்' என்பது மாதிரி ஒரு பட்டன் வந்தால்? பல இலவச கேம்களின் வருமானமே அந்த நொடியில்தான் இருக்கிறது. தோற்றால் உயிர் குறையும்; மீண்டும் நிரம்ப அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்; அல்லது விளம்பரம் பார்க்க வேண்டும்; அல்லது காசு. திடீரென ஒரு லெவல் நியாயமே இல்லாமல் கடினமாகத் தெரிந்தால், அது உங்கள் திறமைக் குறைவு என்று உடனே நினைக்க வேண்டாம். உங்களை வாங்க வைப்பதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை:

* ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி பிளே ஸ்டோரில் செட் செய்யுங்கள். ஐபோனில் ஸ்கிரீன் டைம் பகுதியில், கேமுக்குள் வாங்குவதை மொத்தமாகவே தடுக்கலாம்.
* பிளே ஸ்டோரில் மாத பட்ஜெட் வைக்க முடியும். ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே. வரம்பைத் தாண்டினாலும் தடுக்காது.
* 'இலவச ட்ரையல்' என்று தொடங்கும் சந்தாக்களில் கவனம். கேமை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா ரத்தாகாது. ஸ்டோரின் சப்ஸ்கிரிப்ஷன் பகுதிக்குப் போய்த் தனியாக கேன்சல் செய்ய வேண்டும்.
* ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒருமுறை ஆட்டோபே-க்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான மாதாந்திரப் பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு ஒரு மெசேஜ் வரும். அதைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.
* உயிர்கள் தீர்ந்துவிட்டால், அதுவே போனைக் கீழே வைக்க நல்ல நேரம்.

கேமில் இல்லாத ஒரு பொருள்

இந்த கேம்களில் வாங்கிப் போட எவ்வளவோ இருக்கின்றன. வாடிக்கையாளருக்கு சோபா, குழந்தைகளுக்கு பொம்மை, மூலையில் பூந்தொட்டி. ஆனால் கடையில் வேலை செய்யும் அந்தப் பெண் உட்கார ஒரு நாற்காலி? அது மட்டும் பட்டியலில் இருக்காது. அவருக்கு வாங்கித் தருவதெல்லாம் இன்னும் வேகமாக ஓட ஷூ!

நிஜக் கடைகளிலும் நீண்ட காலம் இதுதான் நிலைமை. தி.நகர் ஜவுளிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையைச் சொன்ன வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) படத்தைப் பார்த்தவர்களுக்கு, பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்வது கால்களை என்ன செய்யும் என்பது மறந்திருக்காது. கேரளாவில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். கோழிக்கோட்டைச் சேர்ந்த விஜி பெண்கூட்டு அந்தப் போராட்டத்தின் முக்கிய முகம். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-ல், 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லா ஊழியர்களுக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம்.

கேமில் ஒரு லெவல் மூன்று நிமிடம். தீபாவளி நேரத்தில் நிஜக் கடையின் 'லெவல்' காலையில் தொடங்கி இரவு ஷட்டர் இறங்கும்வரை நீளும். அங்கே ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது. நாற்பது புடவைகளை விரித்துப் போடச் சொல்லிவிட்டு எதுவும் பிடிக்காமல் எழுந்து போகும்போது, அத்தனையையும் ஒருவர் திரும்ப மடிக்க வேண்டும். மடிக்கும் வேலை எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பது கேம் விளையாடியவர்களுக்குத் தெரியாதா என்ன? அடுத்த முறை கடைக்குப் போகும்போது நிறம், விலை இரண்டையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், முகம் சுளிக்காமல் நீங்களே நாலு அடி நடந்து போய்க் கேளுங்கள். அது அவருடைய உரிமை.